இலையில் உப்பு வைக்காத ஊர்

கருணைபுரத்து அசனத்தில் இலையில் உப்பு வைக்கிற வழக்கம் கிடையாது. கல்யாணப் பந்தியில் வைப்பார்கள், புதுமனை புகுவிழாவில் வைப்பார்கள், தூத்துக்குடியிலிருந்து சம்பந்தம் பேச ஆள் வந்தால் உப்போடு ஊறுகாயும் சேர்த்து வைப்பார்கள். அசனத்தில் மட்டும் மூச்சு விடக்கூடாது. வருஷத்துக்கு ஒரு நாள், மே மாதத்துப் பிரதிஷ்டைப் பண்டிகை முடிகிற அன்று, வேதக்கோயில் வளாகத்தில் நாலாயிரம் பேர் மணலில் உட்கார்ந்து ஒரே சோற்றையும் ஒரே கறியையும் சாப்பிடுவார்கள். அந்தப் பந்தியில் வெளியூர்க்காரன் எவனாவது, "கொஞ்சம் உப்பு கிடைக்குமா?" என்று வாய் தவறிக் கேட்டால் தீர்ந்தது. பக்கத்தில் இருக்கிற கிழவர் கையை உதறிவிட்டு, "ஒம்ம நாக்குல என்னவே கோளாறு?" என்பார்.

காரணம் ஒரு வீட்டின் கை. அண்டாவில் கொதிக்கிற கறிக்கு உப்புப் போடுகிற உரிமை நேசக்குமாரின் வீட்டுக்குத்தான். அவர் தாத்தா போட்டார், அப்பா போட்டார், அப்பா கண் மூடிய பிறகு முப்பத்தொரு வருஷமாக நேசக்குமார் போடுகிறார். அளவுப் படி கிடையாது, கரண்டி கிடையாது. ருசி பார்ப்பதும் கிடையாது. அசனத்துச் சோற்றையும் கறியையும் போதகர் ஜெபம் பண்ணுவதற்கு முன்னால் யாரும் நாக்கில் வைக்கக்கூடாது. அண்டாவைப் பார்த்து, ஆவியை முகர்ந்து, இரண்டு கையாலும் அள்ளிப் போடுவதுதான். ஒரு வருஷம்கூட ஒரு கல் கூடியதில்லை, ஒரு கல் குறைந்ததில்லை. இப்பேர்ப்பட்ட கைக்கு இலையில் உப்பு வைத்தால் அது அவமானம் இல்லாமல் வேறு என்ன?

இன்னொரு வழக்கமும் உண்டு. அவர் உப்புப் போடும்போது ஒருவரும் பார்க்கக்கூடாது. அடுப்புக்குழியைச் சுற்றி நிற்கிற ஆண்கள் எல்லாரும் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, கோயில் கோபுரத்தைப் பார்த்துத் திரும்பி நின்று நாலு சரணம் கொண்ட ஞானப்பாட்டு ஒன்றைப் பாடுவார்கள். பாட்டு முடியும்போது உப்பும் போட்டு முடிந்திருக்கும். கண் பட்டுவிடும் என்பதற்காக என்று கிழவிகள் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் போதகருக்குப் பிடிக்காது. பயபக்திக்காக என்று சபைக் கமிட்டி சொல்லும்.

நேசக்குமாரின் மனைவி கிருபாபாய் இரண்டையும் ஒத்துக்கொள்ள மாட்டாள். நாசரேத்தில் படித்து, முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் கட்டுரை நோட்டில் அளந்து விட்டிருந்தால், ஓரத்தில் சிவப்பு மையால் 'ஆதாரம்?' என்று எழுதிக் கேள்விக்குறியை முள் மாதிரி வளைத்து வைப்பாள். அவளிடம் படித்தவர்களுக்கு இன்றைக்கும் ஏதாவது கதை விடும்போது அந்தக் கேள்விக்குறி தொண்டையில் குத்தும்.

இந்த வருஷம் நூற்று இருபத்தைந்தாவது அசனம். கமிட்டிச் செயலாளர் ஜாபேஸ் அவளிடம் படித்தவன்தான். நாற்பது வயதாகியும் அவளைக் கண்டால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வான். ஏப்ரலில் வீட்டுக்கு வந்து நின்றான்.

"டீச்சர், நோட்டீஸ்ல போட நம்ம அசனம் பிறந்த கதைய நீங்க ஒரு பக்கத்துக்கு எழுதித் தரணும். யூடியூப்ல லைவ் வேற போடுதோம்."

"எந்தக் கதையப்பா? காலரா வந்து போன கதையா, புயல் அடிச்ச கதையா, வெள்ளக்காரப் பாதிரி ஐயரோட சம்சாரத்துக்குக் காய்ச்சல் சொகமான கதையா?"

"மூணுல எது நல்லாருக்கோ அது."

"நல்லாருக்கதுன்னு எழுத இது என்ன சினிமாவா? பழைய பதிவேட்டுல ஒரே வரிதான் இருக்கு. 'இன்று எல்லாரும் ஒன்றாய்ச் சாப்பிட்டார்கள். அரிசி குறைவு.' அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு எழுத்து நான் எழுத மாட்டேன்."

"டீச்சர், கொஞ்சம் கூட்டிக் கொறச்சு..."

"போப்பா. மோரு குடிச்சிட்டுப் போ."

அவன் மோரைக் குடித்துவிட்டுப் போனான். நோட்டீஸில் கதைக்கு விட்ட இடத்தில் பிஷப் படத்தைப் பெரிதாகப் போட்டார்கள்.

ஆனால் கிருபாபாயின் மனசு அந்த ஏப்ரலில் சரித்திரத்தில் இல்லை. மார்ச்சில் ஒரு காலையில் நேசக்குமார் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, பஸ் ஏறித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்தான். ஆனால் ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகிவிட்டது. கேட்டில் நின்ற காவலருக்கு அவரை அடையாளம் தெரிந்திருந்தது. பக்குவமாகப் பேசி உட்கார வைத்து, தூத்துக்குடியில் இருக்கிற மகள் பெனிஷாவுக்குப் போன் பண்ணினார். டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார். நேசக்குமார் வட்டம் போட்டார், முள்ளும் போட்டார், எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் குவித்து வைத்தார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, இது போகப் போகக் கூடும் என்றார்.

இது கிருபாபாய்க்கும் பெனிஷாவுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. நேசக்குமாருடைய அக்கா ஈவாஞ்சலினுக்குக்கூடச் சொல்லவில்லை.

அசனத்தன்று காலையில் பெனிஷா போன் பண்ணினாள். "அம்மா, அப்பாவ இந்த வருசம் உப்புப் போட விடாதிய. முட்டு வலின்னு சொல்லிருங்க."

"ஒங்கப்பா விடிய முன்னாலயே குளிச்சு வேட்டி கட்டிட்டு உக்காந்திருக்காரு. நான் எப்படிச் சொல்ல?"

"தப்பாயிட்டுன்னா?"

"முப்பது வருசமாப் போட்ட கை பெனிஷா. மனசு மறந்தாலும் கை மறக்காது."

சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகு, இதற்கு என்ன ஆதாரம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஊர் அவரை அண்ணாந்து பார்த்தே பழகிவிட்டது. அது குனிந்து பாவம் என்று பார்க்கிற நாளை இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போட ஆசைப்பட்டாள். அவ்வளவுதான் விஷயம்.

வெயில் மண்டையைப் பிளந்தது. கோயிலுக்குப் பின்னால் செம்மணலில் நீளமாகத் தோண்டிய இரண்டு அடுப்புக்குழிகள். முதல் வரிசையில் ஆறு அண்டா, இரண்டாவது வரிசையில் ஆறு அண்டா. உடைமரத்து விறகு சடசடவென்று எரிந்தது. நேர்ந்துகொண்டவர்கள் பொருத்தனையாகக் கொடுத்த ஆடுகள் நாற்பத்திரண்டு. பெண்கள் முந்தின நாளே உட்கார்ந்து கத்தரிக்காயும் மாங்காயும் முருங்கைக்காயும் வெட்டிக் குவித்திருந்தார்கள். கறியோடு காய் எல்லாம் ஒன்றாய்ப் போகிற குழம்பு அது. பள்ளிக்கூட ஹாலில் ஓலைப்பாய் விரித்து, வடித்த சோற்றை ஆள் உயரத்துக்குக் கொட்டியிருந்தார்கள். உப்பளம் இருக்கிற கிழக்குப் பக்கத்திலிருந்து காற்று வரும்போதெல்லாம் புகை ஆண்கள் மேல் சாய்ந்தது.

உப்பு வழக்கம்போல ஆறுமுகநேரியிலிருந்து வந்தது. இசக்கியம்மாள் கொண்டு வந்தாள். அவள் இந்தச் சபை இல்லை, அவள் சாமி வேறு. உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவள், புருஷன் போன பிறகும் பாத்தியை விடாதவள். அவள் மாமனார் காலத்துக்கும் முன்னாலிருந்தே அசனத்துக்கு உப்பு அந்த வீட்டு உப்புதான். எதனால் என்று யாருக்கும் தெரியாது. லோடு ஆட்டோவில் உப்பு மூட்டையும், அளத்தில் வேலை செய்கிற எட்டுப் பெண்களும் அவளோடு வந்து இறங்கினார்கள். வேப்பமரத்தடியில் பாய் விரித்து உப்பைக் கொட்டினார்கள். கறி கழுவ ஒருத்தி அள்ளினாள், குடல் கழுவ ஒருத்தி அள்ளினாள், பாத்திரம் தேய்க்க ஜாபேஸ் வாளியில் அள்ளிக்கொண்டு போனான்.

இரண்டரை மணிக்கு ஆண்கள் பாடுகிற சத்தம் கேட்டது. முதல் வரிசை. கிருபாபாய் பள்ளிக்கூட வராந்தாவில் இலைக்கட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை நின்றுபோனது. நாலு சரணமும் முடிகிறவரை காதை அங்கேயே வைத்திருந்தாள். சிறிது நேரம் கழித்து மறுபடியும் அதே பாட்டு. இரண்டாவது வரிசை. அதுவும் முடிந்தது. "ஸ்தோத்திரம்" என்று மூச்சு விட்டாள்.

அந்த மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் நேசக்குமார் வராந்தாவுக்கு வந்துவிட்டார். கையில் உப்பு அள்ளுகிற ஓலைக் கடகம். வேட்டியில் கரி. முகம் மட்டும் சின்னப் பிள்ளை முகம் மாதிரி இருந்தது.

"கிருபா, கொஞ்சம் இங்கன வா."

தூணுக்குப் பின்னால் போனார்கள்.

"ரெண்டாவது வரிசைக்கு உப்புப் போட்டேனா?"

"என்ன கேக்கிய?"

"பாடுதாங்க. கடகத்தத் தூக்கிட்டுப் போனேன். காத்து திரும்பிட்டு. பொகை கண்ணுல ஏறிச்சு. துண்ட எடுத்துத் தொடச்சேன். தொடச்சிட்டுப் பாத்தா பாட்டு முடிஞ்சிட்டு. எல்லாவனும் திரும்பிட்டான். போட்டேனா, போடலையா... எனக்குத் தெரியல கிருபா."

கடகத்தில் பாதி உப்பு இருந்தது. முதல் வரிசைக்கு அள்ளியதில் மிச்சமா, இரண்டாவதற்கு அள்ளியதில் மிச்சமா, யார் கண்டது? வேப்பமரத்தடிக் குவியலைப் பார்த்தும் பிரயோஜனமில்லை. ஊரே அள்ளியிருக்கிறது.

"யார்கிட்டயாவது கேட்டியளா?"

"யார்ட்ட கேக்க? எல்லாவனும் கோபுரத்தப் பாத்துல்லா நின்னான்." கடகத்தைக் குலுக்கிப் பார்த்தார். "இன்னும் ரெண்டு கை போட்டுருவோமா?"

"வேண்டாம்." அதை மட்டும் டக்கென்று சொன்னாள். "ஏற்கெனவே போட்டிருந்தா அம்புட்டும் கைச்சுப் போவும். உப்பில்லாதத வாயில வைக்கலாம், உப்புக் கரிச்சா நாயிகூடத் திங்காது. ஒண்ணும் போடாதிய."

"அப்ப ஒரு சொட்டு ருசி பாத்துருவமா?" என்று அவளே கேட்டாள், கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஜெபத்துக்கு முந்தியா? ஏளா, எங்கப்பா கண்ணு தெரியாமப் போன காலத்துலகூட ருசி பாக்கல." கடகத்தைக் கீழே வைத்தார். "நான் போயி எல்லார்ட்டயும் சொல்லிருதேன். மறந்துட்டேன்னு சொல்லிருதேன்."

அதுதான் நேர்மை. முப்பத்து மூன்று வருஷமாகப் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தாள். தப்புப் பண்ணினால் எழுந்து நின்று சொல்ல வேண்டும். ஆனால் இவர் போய் இருபத்தைந்து ஆண்களுக்கு நடுவில் நின்று, மறந்துட்டேன் என்று சொல்வதை நினைத்தாலே அவளுக்குத் தாங்கவில்லை. சொன்ன ஐந்தாவது நிமிஷம் துறைமுகத்துக் கேட் சங்கதியும் வெளியே வரும். நாளைக்குக் கடைக்குப் போனால் மீதிச் சில்லறையை அவர் கையில் கொடுக்காமல் இவள் கையில் கொடுப்பார்கள்.

"நீங்க ஒண்ணும் சொல்லாதிய. இங்கனயே உக்காருங்க. இந்த இலையத் தொடச்சு அடுக்குங்க."

அவர் உட்கார்ந்தார். சொன்னபடி ஒவ்வொரு இலையாகத் துடைத்தார்.

கிருபாபாய் நேரே வேப்பமரத்தடிக்குப் போனாள். இசக்கியம்மாள் மிச்ச உப்பைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"இசக்கியம்மா, ஒங்க வீட்டுல எந்தக் காலத்துல இருந்து அசனத்துக்கு உப்புக் குடுக்கிய?"

"அது யாருக்கு டீச்சர் தெரியும்? எங்க மாமனாரு குடுத்தாரு, அவிய அப்பாவும் குடுத்தாவளாம்."

"மொத அசனத்துல இருந்தே குடுக்கியன்னு சொன்னா தப்பா?"

"சரின்னும் சொல்ல முடியாது, தப்புன்னும் சொல்ல முடியாது." இசக்கியம்மாள் நிமிர்ந்தாள். "எதுக்குக் கேக்கிய?"

"இன்னிக்கு எல்லா இலையிலயும் ஒரு துளி உப்பு வைக்கணும். ஒங்க கையால. ஒங்க பிள்ளைய எட்டுப் பேரும் சேந்து."

"என்ன டீச்சர், ஒங்க ஊருக்கு அது கொறச்சலுல்லா?"

"கொறச்சல் வராமச் சொல்லுதேன்."

இசக்கியம்மாள் வராந்தாப் பக்கம் பார்த்தாள். நேசக்குமார் இலை துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இலையையே மறுபடியும் எடுத்துத் துடைத்தார்.

"எங்க மாமனாரும் கடைசியில இப்பிடித்தான்," என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பாத்திக்குத் தண்ணி விட்டுருவாவ. விட்டத மறந்துட்டுத் திரும்பவும் விடுவாவ. வெளஞ்ச உப்பெல்லாம் கரஞ்சு போவும். எங்க அத்த ஒரு நாளும் வைய மாட்டா. மழ பெஞ்சிட்டும்பா. சித்திரையில எங்க மழ? நாங்களும் ஆமா மழதான்னு சொல்லுவோம்."

கிருபாபாய்க்குக் கண் நிறைந்தது. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"அழுதா காரியம் ஆவாது. என்ன சொல்லணுமோ சொல்லுங்க, நான் தலையாட்டுதேன்," என்றாள் இசக்கியம்மாள். "ஆனா ஆதாரம் கேக்கவுக நீங்கல்லா? எவனாவது ஒங்ககிட்டயே கேட்டுட்டான்னா?"

"கேக்க மாட்டான். நான் சொன்னா கேக்க மாட்டான்."

அதுதான் அவளுக்குப் பயமாகவும் இருந்தது.

நாலு மணிக்கு மணி அடித்தது. ஜனம் வரிசை வரிசையாக மணலில் உட்கார்ந்தது. கோயில்காரர்கள், கோயிலுக்கு வராதவர்கள், காயல்பட்டினத்திலிருந்து வந்த யாவாரிகள், உப்பளத்துக் கூலியாட்கள், எல்லாரும் தோளோடு தோள். போதகர் வெள்ளை அங்கியோடு மைக் முன்னால் வந்தார். புது ஆள், வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. கிருபாபாய் அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஐயா, ஜெபத்துக்கு முந்தி நான் ரெண்டு வார்த்த பேசணும்."

"நோட்டீஸ்ல இல்லையே டீச்சர்."

"நோட்டீஸ்ல இல்லாதது நெறைய இருக்கு ஐயா."

மைக்கைப் பிடித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். இவளுக்குப் பள்ளிக்கூட ஹால் நிறைய ஆள் உயரச் சோறு இருந்தது. ஜாபேஸ் முதல் வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். லைவ்.

"நம்ம மொத அசனத்தப் பத்திப் பழைய பதிவேட்டுல ஒரு வரி இருக்கு," என்று தொடங்கினாள். "'இன்று எல்லாரும் ஒன்றாய்ச் சாப்பிட்டார்கள். அரிசி குறைவு.' அரிசி குறைவுன்னு எழுதினவரு, உப்புக் குறைவுன்னு எழுதல. ஏன் எழுதல? உப்பு நெறைய இருந்திருக்கு. அந்தப் பஞ்சத்துல உப்பு எங்க இருந்து வந்துச்சு?" கை நீட்டினாள். "அன்னா நிக்காங்க பாருங்க, இசக்கியம்மா. அவங்க வீட்டுல இருந்து வந்துச்சு. ஆறுமுகநேரியில இருந்து தலச்சுமடா வந்துச்சு. நூத்தி இருவத்தஞ்சு வருசமா நாம அவங்க உப்பத் தின்னுட்டு, ஒரு நாளாவது மேடையில வச்சு நன்றி சொல்லியிருக்கமா?"

சொல்லச் சொல்ல அவளுக்கே அது நடந்த மாதிரித் தெரிந்தது. பொய் இவ்வளவு லேசாக வரும் என்று அவள் நினைத்ததில்லை.

"அதனால இந்த வருசம் சோத்துக்கு முந்தி, அவங்க கையால ஒவ்வொரு இலையிலயும் ஒரு துளி உப்பு வைப்பாங்க. வேணுங்கறவங்க போட்டுக்கிடுங்க."

"இலையில உப்பா?" என்று எங்கேயோ ஒரு கிழவர் கேட்டார். சலசலப்பு எழுந்தது. ஆனால் போதகர் தலையை ஆட்டி, "நல்ல காரியம் டீச்சர்," என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். ஜாபேஸ் கை தட்டினான். அவன் தட்டினதும் பிள்ளைகள் தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

ஒரு ஆள் மட்டும் தட்டவில்லை. பெண்கள் வரிசையின் முதலில் உட்கார்ந்திருந்த ஈவாஞ்சலின் எழுந்து நின்றாள். எழுபத்து மூன்று வயது, நேசக்குமாரைத் தூக்கி வளர்த்த அக்கா.

"ஏளா கிருபா, எங்கப்பா கை போட்ட எடத்துல இலையில உப்பு வைக்கியா? என் தம்பி உயிரோட இருக்கும்போதே இந்த மானக்கேட்ட வாங்கிக் குடுத்துட்டியே. நீ படிச்ச படிப்புக்கு இதான் கெடச்சுதா?"

"மதினி, இது நன்றிக்கு..."

"ஒன் நன்றிய நீயே வச்சிக்க."

கிருபாபாய் மைக்கைப் போதகரிடம் கொடுத்தாள். திட்டு அவளுக்கு வேண்டியிருந்தது. அது தன் மேல் விழுகிறவரைக்கும் வேறு யார் மேலும் விழாது.

ஜெபம் முடிந்தது. எட்டுப் பெண்கள் தாம்பாளத்தோடு வரிசையில் நடந்தார்கள். பின்னாலேயே சோறு, அதன் பின்னாலேயே வாளியில் கறி. முதல் வரிசை அண்டாவிலிருந்தும் இரண்டாவது வரிசை அண்டாவிலிருந்தும் மாறி மாறி வாளிகள் வந்தன. கிருபாபாய் மதினிக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தாள். இரண்டு பேர் இலையிலும் ஒரே வாளிக் கறிதான் விழுந்தது. பிசைந்து வாயில் வைத்தாள்.

உப்பு இல்லை. ஒரு கல்கூட இல்லை.

இலை ஓரத்து உப்பை எடுத்துப் போட்டுப் பிசைந்தாள். சுற்றிப் பார்த்தாள். சிலர் பேசாமல் சாப்பிட்டார்கள், அவர்களுக்கு முதல் வரிசைக் கறி. சிலர் ஒரு வாய் வைத்துவிட்டு நிறுத்தி, உப்பை எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். "உப்பு வைக்காகன்னுட்டுக் கறியில கொறச்சிருக்காவ போல," என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். "அப்பதான டீச்சர் சொன்னது வெளங்கும்," என்றாள் அவள். விஷயம் அங்கேயே முடிந்தது.

ஈவாஞ்சலின் மதினி தன் இலையிலிருந்த உப்பை விரலால் தள்ளி மணலில் விட்டிருந்தாள். முதல் வாய் வைத்தாள். இரண்டாவது வைத்தாள். மூன்றாவது வாயில் கை நின்றது. தலையை நிமிர்த்தி, தூரத்தில் ஆண்கள் வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தாள். பிறகு குனிந்து, அந்த உப்பில்லாச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தாள். கிருபாபாயைத் திரும்பிப் பார்க்காமலே எழுந்து போய்விட்டாள்.

அன்றிலிருந்து மதினி பேசவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் கொடுத்து அனுப்பினால் பாத்திரம் கழுவித் திரும்பி வரும், ஒரு வார்த்தை வராது. கோபமா, தெரிந்துகொண்டாளா? கிருபாபாய்க்குப் பிடிபடவில்லை. ஊரில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அசனம் முடிந்த அடுத்த மாதமே, நேசக்குமாருக்கு முட்டு வலி, இனிமேல் அடுப்படியில் நிற்க முடியாது என்று அவள் ஜாபேஸிடம் சொல்லிவிட்டாள். அவன் கவலைப்படவில்லை. "இலையிலதான் உப்பு வைக்கோமே டீச்சர். அண்டாவுல கொஞ்சம் கொறச்சுப் போட்டாப் போச்சு. யாரு வேணாப் போடலாம்," என்றான்.

அடுத்த மே மாதம் நோட்டீஸ் வந்தது. நூற்று இருபத்தாறாவது அசனம். நிகழ்ச்சி நிரலில் ஜெபத்துக்கு முன்னால் ஒரு புது வரி கொட்டை எழுத்தில் இருந்தது: 'பாரம்பரிய உப்புப் படைப்பு.' அதன் கீழே ஒரு பாரா. பஞ்சம், தலைச்சுமடு, ஆறுமுகநேரி எல்லாம் இருந்தது. அவள் சொல்லாத ஒரு மாட்டு வண்டியும் இருந்தது. கிருபாபாய் பேனாவை எடுத்தாள். சிவப்பு மைதான். ஓரத்தில் கேள்விக்குறி போடப் போன கையை நிறுத்தி, பேனாவை மூடி வைத்தாள். என் பாவம், நானே தின்ன வேண்டியது என்று முனகிக்கொண்டாள்.

அசனத்தன்று நேசக்குமாரை ஆண்கள் வரிசையில் தனியாக விட முடியவில்லை. அவருக்கு இப்போது சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போகிற பழக்கம் வந்திருந்தது. போதகரிடம் சொல்லி, வேப்பமரத்தடியில் தனியாக ஒரு பாய் போட்டு அவரை உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரோ வந்து அவருக்கு மறு பக்கத்தில் உட்கார்ந்தார்கள். திரும்பிப் பார்த்தாள். ஈவாஞ்சலின் மதினி. இவளைப் பார்க்காமல் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

இசக்கியம்மாள் தாம்பாளத்தோடு வந்தாள். "அண்ணாச்சி, சொகமா இருக்கியளா?" என்று கேட்டு, அவர் இலையின் ஓரத்தில் மற்ற இலையைவிடக் கொஞ்சம் கூடவே உப்பு வைத்தாள்.

நேசக்குமார் அதைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. எவ்வளவோ போய்விட்ட அந்த மனசுக்குள் அது மட்டும் எங்கேயோ பத்திரமாக இருந்தது.

"நம்ம அசனத்துல இலையில உப்பு வைக்க மாட்டாங்களே," என்றார். "இது எப்ப இருந்து?"

கிருபாபாய் வாயைத் திறந்தாள்.

"அப்பா காலத்துல இருந்தே இருக்குல்லா தம்பி," என்றாள் ஈவாஞ்சலின் மதினி. "நீ மறந்துட்ட."

"அப்பிடியா அக்கா?"

"ஆமா. அப்பாதான் வைக்கச் சொன்னாவ. எம்புட்டுக் கைக்காரனா இருந்தாலும் ஒரு நாளு கை தப்பும், அதுக்கு ஒரு துளி இலையில கெடக்கட்டும்னு சொன்னாவ."

சொல்லிக்கொண்டே மதினி தன் இலை ஓரத்து உப்பை எடுத்துச் சோற்றில் போட்டுப் பிசைந்தாள். கண்ணிலிருந்து வடிந்ததைத் துடைக்கக் கை ஒழியவில்லை. கிருபாபாய் தன் சேலைத் தலைப்பை எடுத்து, அவர் தலைக்குப் பின்னால் கையை நீட்டி, மதினியின் முகத்தைத் துடைத்துவிட்டாள். மதினி முகத்தைக் காட்டினாள்.

நேசக்குமார் ஒரு வாய் வைத்தார். மென்றார். சட்டென்று முகம் கலவரப்பட்டது.

"கிருபா, கறியில உப்புச் சரியா இருக்கா?"

"சரியா இருக்கு," என்றார்கள் இரண்டு பேரும்.

அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.